பினாங்கு 250: லைட்டின் சிலைக்குப் பக்கத்தில் இன்னும் சிலருக்கு இடம் வேண்டும்

2036 ஆகஸ்ட் 11 அன்று, பினாங்குத் தீவில் ஆங்கிலேயக் கொடி ஏறி 250 ஆண்டுகள் நிறைவடையும். அந்த நாள் நெருங்க நெருங்க ஒரு பழைய வாக்குவாதம் சூடுபிடிக்கும். கேப்டன் பிரான்சிஸ் லைட்தான் பினாங்கை உருவாக்கியவர் என்பது ஒரு தரப்பு. கெடா சுல்தானுக்குக் கொடுத்த வாக்கை மீறித் தீவைக் கைப்பற்றியவர் என்பது மறுதரப்பு. 2020-ல் கார்ன்வாலிஸ் கோட்டைக்குள் நிற்கும் லைட்டின் சிலைமீது யாரோ சிவப்புச் சாயம் ஊற்றினார்கள். சாயத்தைக் கழுவிவிட்டார்கள். வாக்குவாதம் நிற்கவில்லை.

அந்தச் சிலையை அகற்ற வேண்டியதில்லை. ஆனால் இனியும் அது தனியாக நிற்கக் கூடாது. லைட்டோடு வந்தவர்கள், லைட்டுக்கு முன்பே வந்தவர்கள், விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்கள் என எல்லோருக்கும் அந்த நினைவில் பங்கு உண்டு. அவர்களில் தமிழர்களும் ஏராளம். அதற்கான வேலையை 2035-ல் அவசர அவசரமாகத் தொடங்கினால் ஒரு வாணவேடிக்கைதான் மிஞ்சும். இப்போதே தொடங்க வேண்டும்.

இது வெறும் சிலை விவகாரம் அல்ல

இருநூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய கதை நமக்கு எதற்கு, அன்றாடப் பாட்டைப் பார்க்க வேண்டாமா என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஓர் ஊரை நிறுவியவர் என்று யார் பெயர் ஏட்டில் ஏறுகிறதோ, அதைப் பொறுத்துத்தான் பல காரியங்கள் நடக்கின்றன. எந்தப் பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்குவது, எந்த முனையில் அறிவிப்புப் பலகை வைப்பது, பள்ளிப் பிள்ளைகளை எங்கே சுற்றுலா அழைத்துப் போவது எல்லாமே அதைப் பார்த்துத்தான் முடிவாகின்றன.

2008 ஜூலை 7 அன்று ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. பினாங்கு மாநிலத்தில் அந்த நாள் பொது விடுமுறை. பட்டம் வந்தது ஊருக்குப் பெருமை. கூடவே பழைய கடைவீடுகளின் விலையும் ஏறியது. அதற்கு முன்பே, 2000-ஆவது ஆண்டின் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கியதும், தலைமுறை தலைமுறையாக நகருக்குள் குடியிருந்த எத்தனையோ குடும்பங்கள் வாடகை கட்ட முடியாமல் வெளியேறின. வீடு காலியாகும்போது அந்த வீட்டின் கதையும் சேர்ந்தே காலியாகிறது. பிறகு அங்கே விடுதியோ காபிக் கடையோ வரும். முன்பு யார் இருந்தார்கள் என்று சொல்ல ஆள் இருக்காது.

ஏட்டில் இல்லாத மரபுக்கு என்ன நேரும் என்பதற்குத் தீவுக்கு எதிர்க்கரையிலேயே ஓர் உதாரணம் உண்டு. கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில், நாம் கடாரம் என்று படித்த அதே மண்ணில், ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையான ஒரு கோயிலின் அடித்தளம் இருந்தது. ஆய்வாளர்கள் அதற்கு 11-ஆம் எண் கொடுத்திருந்தார்கள். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னமாக அது அறிவிக்கப்படவில்லை. 2013-ல் வீட்டுமனை போட நிலத்தைச் சமன்படுத்தியபோது அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். நாடே கொதித்தது. இடித்தது இடித்ததுதான்.

ஆகஸ்ட் 11-ல் என்ன நடந்தது?

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியைச் சேர்ந்தவர் பிரான்சிஸ் லைட். கடற்படையில் இருந்துவிட்டு வணிகக் கப்பல் தலைவரானவர். இந்தப் பக்கம் அவரை அனுப்பியதே சென்னையில் இயங்கிய ஜோர்டைன், சலிவன், டி சோசா என்ற வணிக நிறுவனம்தான். 1771-லேயே கெடா சுல்தானிடம் பேச்சு நடத்தினார். சுல்தானுக்கு வேண்டியிருந்தது பணம் மட்டுமல்ல, பகைவர்களிடமிருந்து படைப் பாதுகாப்பு. வடக்கே சயாம், மறுபக்கம் பூகிசுப் படைகள், நடுவில் சிறிய நாடு கெடா.

1786-ல் சுல்தான் அப்துல்லா முகர்ரம் ஷா தீவைக் கொடுக்கச் சம்மதித்ததும் இந்த எதிர்பார்ப்போடுதான். படை உதவி கிடைக்கும் என்ற நம்பிக்கையை லைட் கொடுத்தார். ஆனால் இம்முறை அவரை அனுப்பிய கிழக்கிந்தியக் கம்பெனி அதற்கு ஒப்புதல் கொடுத்திருக்கவில்லை. அந்த ஒப்புதல் வருமுன்பே, ஜூலை 17 அன்று தஞ்சோங் பெனாகா முனையில் ஆட்களை இறக்கினார். ஆகஸ்ட் 11-ல் கொடியேற்றினார். மறுநாள் வேல்ஸ் இளவரசரின் பிறந்தநாள் என்பதால் தீவுக்கு அவர் பெயரையும், நகருக்கு மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரையும் சூட்டினார்.

கம்பெனி கடைசிவரை படை உதவிக்கு இசையவில்லை. ஐந்து ஆண்டு பொறுத்துப் பார்த்த சுல்தான், 1791-ல் எதிர்க்கரையான பிறையில் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கி அதைக் கலைத்தார். அதன் பிறகு எழுதிய உடன்படிக்கையில் தீவுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று முடிவாயிற்று. பாதுகாப்பு பற்றிய பேச்சே அதில் இல்லை. 1800-ல் எதிர்க்கரை நிலமும் கம்பெனிக்குப் போனது. தொகை 10,000 ஆயிற்று. 1821-ல் சுல்தான் அஞ்சியபடியே சயாம் கெடாமீது படையெடுத்தது. அப்போதைய சுல்தான் தப்பி ஓடி அடைக்கலம் புகுந்தது எங்கே தெரியுமா? தன் முன்னோர் கொடுத்த அதே பினாங்கில்.

இது முடிந்துபோன கணக்கு என்று நினைக்க வேண்டாம். மலேசியக் கூட்டரசு இன்றும் பினாங்குக்காகக் கெடாவுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுக்கிறது. வெகுகாலம் 10,000 ரிங்கிட்டாக இருந்த தொகை அண்மைக் காலத்தில் ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. பினாங்கு இன்னும் தங்களுக்கே உரியது என்று கெடாவின் அரசியல் தலைமை பகிரங்கமாகவே பேசுகிறது. ஆகவே, ‘1786-ல் லைட் பினாங்கை நிறுவினார்’ என்று பலகையில் ஒற்றை வரி எழுதினால், அண்டை மாநிலத்து மக்களுக்கு அது கசக்கத்தான் செய்யும். நடந்ததை முழுதாக எழுதினால் அந்தக் கசப்பில் பாதியாவது குறையும்.

காடாக மட்டுமா கிடந்தது?

யாருமற்ற காட்டுத் தீவில் லைட் வந்து இறங்கினார் என்பது வெகுநாள் பாடம். தீவின் தென்கிழக்குக் கரையில் பத்து உபான் பள்ளிவாசல் 1734-ல் எழும்பியதாக அந்த ஊர் மரபு சொல்கிறது. சுமத்ராவின் மினாங்கபாவ் பகுதியிலிருந்து வந்த நக்கோடா இந்தான் என்ற ஹாஜி முகமது சாலேயை அதோடு சேர்த்துப் பேசுவார்கள். லைட் கால் வைப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பு அது.

லைட்டோடு இறங்கியவர்கள் யார் என்பதும் தெரியாத செய்தியல்ல. ஐரோப்பிய அதிகாரிகள் 5 பேர். பீரங்கிப்படையினர் 15 பேர். இந்தியச் சிப்பாய்கள் 100 பேர். லஸ்கர் என்று அழைக்கப்பட்ட மாலுமிகள் 30 பேர். முதல்நாள் காட்டை வெட்டிக் கொட்டகை போட்ட கைகளில் பெரும்பாலானவை இந்தியக் கைகளே. அடுத்த சில நாள்களில் கெடாவிலிருந்து சீனத் தலைவர் கோ லே ஹுவான் மீன்பிடி வலைகளைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு வந்தார். கெடாவில் வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் வந்தன. சோழமண்டலக் கரையிலிருந்து வந்து, கெடாவில் ஏற்கெனவே வணிகம் செய்துகொண்டிருந்த, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களும் கடல் தாண்டினார்கள்.

1794-ல் லைட் தாமே எழுதிய அறிக்கையில் சூலியாக்கள் ஆயிரம் பேர் அளவில் ஊரில் தங்கியிருப்பதாகவும், ஆண்டுதோறும் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வந்துபோவதாகவும் சொல்கிறார். ஊர் உருவான எட்டாவது ஆண்டின் கணக்கு இது. கடைக்காரர், கூலியாள், படகோட்டி என்று அவர்கள் இல்லாமல் துறைமுகம் ஒருநாள்கூட ஓடியிருக்காது. லைட் போட்ட முதல் தெருக்கட்டத்தின் நான்கு எல்லைகளில் ஒன்று இன்றைய சூலியா தெரு. ஊருக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் அல்ல தமிழர்கள். ஊரின் முதல் வரைபடத்திலேயே இருக்கிறார்கள். 1801-ல் பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் தங்கள் தலைவர் காதர் முகைதீன் வழியாகப் பள்ளிவாசலுக்கு நிலம் பெற்றார்கள். அதுவே இன்றைய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அதே ஆண்டு கோயிலுக்கும் நிலம் கிடைத்தது. குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில் 1833-ல் முழுக்கோயிலாக எழுந்தது.

கோடரி பிடித்தவர்களும் விலங்கு பூண்டவர்களும்

லைட் பீரங்கிக்குள் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார், காசைப் பொறுக்கும் ஆசையில் ஆள்கள் காட்டை வெட்டித் தள்ளினார்கள் என்று பினாங்கில் ஒரு கதை உண்டு. வழிகாட்டிகள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. கேட்பவர்களும் ரசிப்பார்கள். எனக்கு இந்தக் கதை உறுத்துகிறது. மரம் வயிரம் பாய்ந்ததாய் இருந்து கோடரியின் வாய் ஈயம்போல் மடங்கிற்று என்று லைட்டே எழுதியிருக்கிறார். அந்தக் கோடரியைப் பிடித்துக் கை கொப்பளித்தவனின் பெயரை அவர் எழுதவில்லை. காசு சுட்டவரின் சாமர்த்தியத்தைப் பேசும் கதை, வெட்டியவரின் உழைப்பைப் பேராசையாக்கிவிடுகிறது.

அடுத்து வந்தவர்கள் கைதிகள். வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் நாடுகடத்தப்பட்டவர்களைக் கம்பெனி பினாங்குக்கு அனுப்பியது. சதுப்பு நிலத்தை மேடாக்கியது, சாலை போட்டது, நிபோங் மரக்கழிகளாலான கோட்டையைச் செங்கல் கோட்டையாக மாற்றியது எல்லாம் பெரும்பாலும் அவர்கள் உழைப்பு. இன்று புகைப்படம் எடுக்கக் கூட்டம் கூடும் புனித ஜார்ஜ் தேவாலயத்தின் வெண்தூண்கள் 1818-ல் எழுந்ததும் இந்தியக் கைதிகளின் கைகளால்தான். அந்தத் தேவாலய முற்றத்தில் லைட்டுக்கு ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. 1886-ல் நூற்றாண்டு விழாவுக்குக் கட்டியது. தேவாலயத்தைக் கட்டியவர்களுக்கு அங்கே ஒரு கல்கூட இல்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். உயிர் தப்பிய சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது பதினைந்து வயதளவு. அவரையும் பாளையக்காரர் போரில் பிடிபட்ட எழுபதுக்கும் மேற்பட்டோரையும் 1802 பிப்ரவரி 11 அன்று தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடுகடத்தினார்கள். பதினாறு ஆண்டு கழித்து, அதே போரில் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பினாங்குக்கு வந்தார். ஒருகாலத்தில் சின்ன மருதுவிடம் ஈட்டியும் வளரியும் எறியக் கற்றவர் அவர். எதிரே வந்து நின்ற, வயதுக்கு மீறி முதுமை தட்டிய மனிதரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. துரைசாமி என்று பெயர் சொன்ன பிறகே தெரிந்தது. வெல்ஷ் தம் நினைவுக் குறிப்பில் இதை எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. கூட வந்த மற்றவர்களைப் பற்றி எழுத யாரும் இருக்கவில்லை.

சிவகங்கையில் ஆண்டுதோறும் மருது சகோதரர்களுக்கு விழா எடுக்கிறோம். அவர்கள் பிள்ளை நடந்து திரிந்த ஊரில் அவர் பெயரில் ஒரு பலகை இல்லை என்பது நமக்கும் ஒரு குறைதான்.

சிலையின் முகம் யாருடையது?

கோட்டையில் நிற்கும் வெண்கலச் சிலை 1936-ல், 150-ஆவது ஆண்டுக்காக, வில்காக்சன் என்ற ஆங்கிலச் சிற்பி வடித்தது. லைட்டின் உருவப்படம் எதுவும் கிடைக்காததால் அவர் மகன் வில்லியம் லைட்டின் சாயலில் முகத்தைச் செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரை அமைத்தவர் அந்த வில்லியம். அவருடைய தாய் மார்ட்டினா ரோசல்ஸ், லைட்டோடு பல ஆண்டு வாழ்ந்து ஐந்து பிள்ளைகள் பெற்றவர். 1794 அக்டோபரில் லைட் இறக்கும் தறுவாயில் எழுதிய உயிலில் அவருக்கு வீடு, நிலம், மாடுகளோடு அடிமைகளும் சொத்தாக எழுதப்பட்டார்கள். ஊரை நிறுவியவரைக் கொண்டாடும்போது இதையும் மறைக்கக் கூடாது.

லைட்டின் கல்லறை நகரின் பழைய புரொட்டஸ்டன்ட் மயானத்தில், ஈழத்தலரி மரங்களின் நிழலில் இருக்கிறது. இந்தத் தீவை ஆங்கிலேயக் குடியிருப்பாக முதலில் நிறுவியவர் என்ற அளவில்தான் அந்தக் கல் அவரைச் சொல்கிறது. தீவையே உண்டாக்கினார் என்று அது சொல்லவில்லை. பிற்காலத்தவர் ஏற்றிய புகழைவிட அந்தக் கல் நேர்மையானது.

மற்ற ஊர்கள் என்ன செய்தன? 2019-ல் சிங்கப்பூர் தன் இருநூற்றாண்டை ஒட்டி, ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்கு அருகே நாராயண பிள்ளை, முன்ஷி அப்துல்லா, டான் டொக் செங், சங் நில உத்தமா ஆகிய நால்வரின் சிலைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. நிரந்தரமாக விட்டிருக்கலாம் என்பது என் கருத்து. அடிலெய்டில் வில்லியம் லைட்டின் சிலை மேட்டின்மேல் அப்படியே நிற்கிறது. அதே நேரம் நகர நடுவிலுள்ள விக்டோரியா சதுக்கத்துக்குப் பூர்வகுடி கவுர்னா மக்களின் மொழியில் தர்ன்டன்யாங்கா என்ற பெயரும் அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மகன் அமைத்த ஊரில் முடிந்தது தந்தையின் ஊரிலும் முடியும்.

செய்ய வேண்டியவை

முதல் வேலை சுலபமானது, செலவும் குறைவு. கோட்டையில் சிலையருகே மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் ஒரு பலகை வேண்டும். 1786-ல் கொடுத்த நம்பிக்கை, 1791 போர், 1821-ல் கெடாவுக்கு நேர்ந்தது மூன்றும் அதில் இருக்க வேண்டும். வாசகத்தைப் பினாங்கு, கெடா இரு மாநிலங்களின் வரலாற்றாசிரியர்களும் சேர்ந்து எழுதட்டும். வாக்குவாதம் செய்பவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

புனித ஜார்ஜ் தேவாலயத்தின் அருகிலோ கடற்கரைத் திடலிலோ கைதிகளுக்கும் 1802-ல் வந்தவர்களுக்கும் ஒரு நினைவுக்கல் வைக்க வேண்டும். இதில் தமிழ்நாட்டு அரசுக்கும் பங்குண்டு. சென்னை மாகாணத்தின் பழைய ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கிருந்தும் மலேசிய, சிங்கப்பூர் ஆவணக் காப்பகங்களிலிருந்தும் நாடுகடத்தப்பட்டவர்களின் பெயர்களைத் திரட்டி ஒரு பட்டியல் வெளியிட வேண்டும். கல்லில் பொதுவாகக் ‘கைதிகள்’ என்று செதுக்காமல், கிடைத்த பெயர்களையெல்லாம் செதுக்க வேண்டும்.

பிள்ளைகளின் சுற்றுலாப் பாதையும் மாற வேண்டும். கோட்டையில் தொடங்கிக் கோட்டையில் முடியாமல், பத்து உபானில் தொடங்கிச் சூலியா தெரு, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், மகாமாரியம்மன் கோயில், புனித ஜார்ஜ் தேவாலயம் வழியாகக் கோட்டைக்கு வரட்டும். பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகள் மாநில அரசுக்காகக் காத்திராமல் அடுத்த ஆண்டே இதைச் செய்யலாம். பத்து உபானுக்குப் பக்கத்திலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் மாணவர்கள் கடைத் தெருவின் மூத்த வியாபாரிகளிடம் பேச்சைப் பதிவு செய்வதை ஒரு பருவப் பணியாகவே வைக்கலாம். எண்பது வயதைத் தாண்டியவர்கள் பத்தாண்டு காத்திருக்க மாட்டார்கள்.

கோயில்கள், பள்ளிவாசல்கள், சங்கங்கள் தங்கள் அலமாரியைத் திறக்க வேண்டும். பழைய நன்கொடைப் பதிவேடு, நிலப்பத்திரம், திருவிழா நோட்டீசு எதுவானாலும் கறையான் அரிப்பதற்குள் படமெடுத்து வைக்க வேண்டும். இந்து அறப்பணி வாரியம் முன்நின்றால் ஓராண்டில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

கடைசியாக, உங்களுக்கு. கடையநல்லூர், தென்காசி, நாகப்பட்டினம், இராமநாதபுரம் பக்கத்தில் பினாங்கோடு தொடர்பில்லாத தெரு அரிது. உங்கள் வீட்டுப் பெட்டியில் ‘ரஜூலா’ கப்பல் டிக்கெட்டோ, பினாங்குத் தபால்தலை ஒட்டிய கடிதமோ, அங்கிருந்த கடையின் கணக்குப் புத்தகமோ இருந்தால் பழைய தாள்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தேதியையும் எழுதியவரின் பெயரையும் குறித்து, ஒரு பிரதி எடுத்து, அருகிலுள்ள நூலகத்திலோ கல்லூரி வரலாற்றுத் துறையிலோ கொடுத்து வையுங்கள்.